தார் போடலாம், குழி அடைக்கக் கூடாது

பொருளியல் பாடத்தில் இறைக்கொள்கை படித்துக்கொண்டிருந்தோம். பொருளாதாரம் படுத்துவிட்டால் அரசாங்கம் தன் செலவைக் கூட்டி அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும் என்று ஆசிரியை விளக்கினார். அவர் உதாரணம் கேட்டபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "வீதி போடுதல்" என்றோம். ஐக்கிய அமெரிக்கா 2009இல் அப்படிச் செய்ததை அன்றிரவு வீட்டில் சொன்னேன். வாப்பா நெடுங்காலமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த ரோட்டுக்கு மகள்? மெயின் ரோட்டுக்கா, உள் ரோட்டுக்கா?"

என் பாடக் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. தேடிப் படித்த பிறகுதான் முழு விடயமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பது புரிந்தது.

2009 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தின் மதிப்பு 787 பில்லியன் டொலர். அதில் நெடுஞ்சாலைகளுக்கு 27.5 பில்லியன் ஒதுக்கப்பட்டது. வேலையை உடனே தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுப் பாலம் கட்டுவதென்றால் காணி எடுக்க வேண்டும், வரைபடம் கீற வேண்டும், வருடங்கள் போகும். பழைய வீதியின் மேற்படையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார்க் கலவை விரிப்பதற்கு அவ்வளவு ஆயத்தம் தேவையில்லை. ஆகவே பணத்தின் பெரும் பங்கு வீதி மேற்பரப்பைப் புதுப்பிக்கவே போனது. நலிந்த பிரதேசங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டாட்சி அரசின் நெடுஞ்சாலை நிதி பொதுவாக எல்லா வீதிகளுக்கும் உரியதல்ல. ஊரை ஊரோடு இணைக்கும் வீதிகளும் நகரின் பெரிய வீதிகளும் அதற்குள் வரும். வீட்டு வாசலைத் தொடும் சின்னத் தெரு "உள்ளூர் வீதி" என்று வகைப்படுத்தப்பட்டு வெளியே நிற்கும். அமெரிக்காவின் பொது வீதி நீளத்தில் ஏறத்தாழ காற்பங்குதான் இந்த உதவிக்குத் தகுதியானது. அதாவது, ஏழைக் குடியிருப்பின் ஓரமாகப் போகும் பெருவீதி பளபளக்கும். அதிலிருந்து திரும்பி உள்ளே போனால் பழைய பள்ளங்களே இருக்கும்.

உள்ளே போகக்கூடிய பணம் வேறொரு திணைக்களத்திலிருந்து வருகிறது. வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் நகரங்களுக்குச் 'சமூக அபிவிருத்தித் தொகுதி மானியம்' வழங்குகிறது. 1974இல் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான திட்டம் இது. 2009 மீட்புச் சட்டம் இந்த மானியத்துக்கு மேலதிகமாக 1 பில்லியன் டொலரைச் சேர்த்தது. நெடுஞ்சாலைகளின் 27.5 பில்லியனுக்குப் பக்கத்தில் அது எவ்வளவு சிறியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மானியத்தில் ஒரு தெருவுக்குத் தார் போட, அத்தெருவால் பயன்பெறும் பகுதி பெரும்பாலும் மக்கள் குடியிருக்கும் பகுதியாக இருக்க வேண்டும். பொதுவான விதிப்படி அங்கே வாழ்பவர்களில் குறைந்தது 51 சதவீதத்தினர் குறைந்த அல்லது நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். அப்பிரதேசத்தின் இடைய வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாதவர்களே அந்தக் கணக்கில் சேர்வார்கள். (கணிதத்தில் இடையம் எதற்கு என்று கேட்கும் தோழிகளுக்கு இதைக் காட்டலாம்.) 200 பேர் வாழும் ஒரு பகுதியை எண்ணிக்கொள்ளுங்கள். 102 பேர் அந்த வரம்புக்குள் இருந்தால் தார் வரும். 101 பேர் என்றால் 50.5 சதவீதம், வராது. குடிசனத் தரவுகளை வைத்தே இதைப் பெரும்பாலும் முடிவு செய்வார்கள். அது பொருந்தாத இடங்களில் வீட்டுக்கு வீடு சென்று வருமானம் கேட்டு எழுதலாம். ஒருவரின் வறுமையை வாசலில் நின்று கேட்பது எவ்வளவு சங்கடம்! ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் தெரு கணக்கில் வரும்.

நான் இரண்டு தடவை வாசித்த விதி அடுத்தது. இந்த மானியத்தில் தெருவை முழுதாகப் புதுப்பிக்கலாம். ஆனால் குழிகளை அடைக்கக் கூடாது! விதிமுறையே அதை உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது: வீதிக் குழிகளை நிரப்புதல், நடைபாதை வெடிப்புகளைத் திருத்துதல், எரிந்துபோன தெருவிளக்குக் குமிழ்களை மாற்றுதல் ஆகியவை பராமரிப்புச் செலவுகள். அவற்றை நகரம் தன் சொந்தப் பணத்தில்தான் செய்ய வேண்டும்.

முதலில் எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. யோசித்தால் ஒரு நியாயம் இருக்கிறது. நகர சபை தன் அன்றாட வேலையை மானியத்தின் தலையில் கட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது அல்லவா? ஆனால் வாப்பா இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். ரோட்டைக் கெடுப்பது வாகனத்தை விடத் தண்ணீர்தான் என்பது அவர் அனுபவம். பொறியியலாளர்களும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். சிறு வெடிப்பால் நீர் இறங்கி அடித்தளத்தை இளக்கினால், மேலே போட்ட தார் அமிழ்ந்து உடையும். வெடிப்பை அந்த நேரத்திலேயே அடைத்தால் செலவு சிறிது. விட்டுவிட்டால் அடியிலிருந்து தோண்டிக் கட்ட வேண்டும்.

இதனால் பல நகரங்கள் நல்ல நிலையில் உள்ள தெருக்களையே முதலில் கவனிக்கின்றன. ஒரு டொலருக்கு அதிக நீளம் காப்பாற்றலாம் என்பது அவர்களின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நெடுங்காலம் கைவிடப்பட்ட தெரு அந்தக் கணக்கில் எப்போதும் கடைசியில்தான் வரும். ஏற்கனவே கெட்டுப்போனது என்பதே அதன் குற்றமாகிவிடுகிறது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் 2019இல் இதை மாற்றிப் பார்த்தது. 100 மில்லியன் டொலர் மூன்றாண்டுத் திட்டத்தில் முக்கால் பங்கை உள்ளூர்த் தெருக்களுக்கு ஒதுக்கி, தெருவின் நிலையோடு வறுமை போன்ற சமூக நிலைகளையும் சேர்த்துப் பகிர்ந்தது. அது பெரும்பாலும் கூட்டாட்சி மானியம் அல்ல. 2016இல் நகர மக்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட கடன் பணம். பிறர் பணத்தைவிடச் சொந்தப் பணத்தில் விதி எழுதுவது எளிது போலும்.

தார் போடுவதும் குழி அடைப்பதும் வேறு வேறு என்ற அதே கோடு இன்னொரு சட்டத்திலும் இருக்கிறது. இயலாமையுடையோர் உரிமைக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெருவை மாற்றியமைத்தால் நடைபாதை முனைகளில் சக்கர நாற்காலி இறங்கும் சரிவுப் பாதை அமைக்க வேண்டும். புதுத் தார் விரிப்பது "மாற்றியமைத்தல்" ஆகுமா? பிலடெல்பியா நகர் தொடர்பான வழக்கொன்றில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் ஆகும் என்றது. வெறுமனே குழி அடைத்தால் அந்தக் கடமை எழுவதில்லை. எங்கள் உம்மம்மா நடைச்சட்டகம் பிடித்து நடப்பவர். அரை அடி உயர நடைபாதை விளிம்பு அவருக்கு மதில் மாதிரி. ஆகவே இந்த இடத்தில் நான் முழுத் தாரின் பக்கம்.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. வழக்கமாக இந்த மானியத்தின் செலவுத் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாட்கள் தரப்படும். 2009 மீட்புப் பணத்துக்கு அது 7 நாட்களாகச் சுருக்கப்பட்டது. இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு ஏழு நாளில் அறிவித்தலைக் கண்டு, வாசித்து, எழுத முடியுமா? தன் தெருவில் தாரை விட வடிகான்தான் முதலில் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

கொவிட் காலத்து 2021 சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் 350 பில்லியன் டொலர் வழங்கியது. குடிநீர், கழிவுநீர், இணைய வசதி ஆகியவற்றின் பெயர் அதில் இருந்தது. வீதியின் பெயர் இல்லை. இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் பகுதியின் வழியாகத்தான் நகரங்கள் தெருக்களுக்குச் செலவிட முடிந்தது. அந்தப் பகுதியில் பராமரிப்பும் செய்யலாம், குழியும் அடைக்கலாம். 2022 டிசம்பரில்தான் காங்கிரஸ் போக்குவரத்து வேலைகளை வரம்புடன் நேரடியாகச் சேர்த்தது. ஒப்பந்தங்கள் 2024 டிசம்பர் 31க்குள் முடிவாக வேண்டும், பணம் 2026க்குள் செலவாக வேண்டும் என்பது பொதுவான கெடு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வாப்பா கேட்டார்: "அதுக்குப் பிறகு வாற வெடிப்பை யார் அடைக்கிறது?" நகர சபையின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் இருந்தால் அவர்கள்தான் என்றேன்.