சிங்கி இறாலும் இடது கையும்

சாப்பாட்டு மரியாதை – 12

"மாமா, நாளைக்கு மேனேஜரோட சாப்பாடு. பைபாஸ் ரோட்டுல ஒரு கடல் உணவு ஓட்டல். சிங்கி இறால் சொல்லப் போறாங்களாம். அதை எப்படி மாமா சாப்பிடுறது?"

கேட்டது என் அக்கா மகன். மதுரையில் பிறந்து வளர்ந்தவன். அயிரை மீன் குழம்பையும் கறி தோசையையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவான். ஆனால் சிங்கி இறாலுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்திருக்கிறான். அதில் ஒருவர் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, பாக்குவெட்டி போன்ற ஓர் இடுக்கியால் கொடுக்கை உடைத்து, ஊசி முனை முள்கரண்டியால் கறியை எடுக்கிறாராம்.

அவனிடம் முதலில் சொன்னது இதைத்தான்: அந்த இடுக்கிக்கு உனக்கு வேலையே இருக்காது. வீடியோவில் வந்தது வட அட்லாண்டிக் கடலின் இனம். அதற்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரிக் கடலோரத்திலும் பிடிபடும் நம் சிங்கிக்கு அப்படிப்பட்ட கொடுக்கே கிடையாது. சாட்டை போல நீண்ட இரண்டு உணர்கொம்புகளும் தலை நிறைய முள்ளும்தான் அதன் ஆயுதம். சாப்பிடும் கறி ஏறக்குறைய எல்லாமே வாலில் இருக்கிறது. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துதான் பெரும்பாலும் மேசைக்குக் கொண்டுவருவார்கள். மேல்நாட்டில் சிங்கி சாப்பிடும் ஒழுக்கத்தில் பாதி, நம் சிங்கிக்கு இல்லாத ஓர் உறுப்பைப் பற்றியது.

அப்படியானால் இங்கே மரியாதை எதில் இருக்கிறது? கேட்பதில் இருக்கிறது என்பேன்.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானை ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். மெனு கார்டில் சிங்கிக்கு நேரே விலை இல்லை. 'சைஸுக்குத் தகுந்தபடி' என்று மட்டும் இருந்தது. விருந்தாளி முன்னால் விலை கேட்பது அழகில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு சொன்னேன். பில் வந்ததும் என் முகம் மாறியதை மச்சான் பார்த்துவிட்டார். பணத்தை அவரே கொடுக்க வந்தார், நான் தடுத்தேன். அதோடு அந்த ராத்திரியின் சந்தோஷம் போயிற்று. அவர் மனதை நோகச் செய்தது என் கூச்சம்தான்.

கரிமேட்டு மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல், விலை கேட்காமல் யாராவது மீன் வாங்குகிறார்களா? அங்கே இல்லாத வெட்கம் ஏசி அறைக்குள் மட்டும் ஏன் வர வேண்டும்? "அண்ணே, எத்தனை கிராம் வரும்? நூறு கிராம் என்ன விலை? எடை சமைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" இந்த மூன்றையும் சிரித்த முகத்தோடு கேட்கலாம். தலையும் ஓடும் போனால் கறி எடையில் பாதிகூடத் தேறாது. அரைக் கிலோ சிங்கி ஒன்று நாலு பேர் வயிற்றை நிரப்பாது.

பச்சையாகக் கொண்டுவந்து காட்டச் சொல்வதும் தப்பில்லை. உயிருள்ள சிங்கியைத் தூக்கினால் வாலை உள்ளே மடக்கி அடிக்கும். வால் தளர்ந்து தொங்கினால் யோசிக்க வேண்டும். மதுரைக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். நல்ல சிங்கியில் பெரும்பங்கு உயிரோடே சிங்கப்பூர், சீனா பக்கம் விமானம் ஏறிவிடுகிறது. நம் மேசைக்கு வருவது மிச்சத்தில் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

காட்டும்போது வாலைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அடியில் மணி மணியாக ஆரஞ்சு நிறத்தில் கொத்து இருந்தால் அது முட்டை சுமக்கும் தாய். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். பொரிந்து வரும் குஞ்சு கண்ணாடி போலத் தெளிந்த, தட்டையான ஓர் இலை மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் கடல் நீரோட்டத்தில் மிதந்து, பலமுறை தோல் உரித்து, பிறகுதான் சிங்கியின் உருவத்துக்கு வரும். லட்சத்தில் எத்தனை பிழைக்கும்? 2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்கு எடை வரம்பு வைத்தது. சமைக்காமல் முழுதாக அனுப்பும் சிங்கியில் நம் கரையோரப் பாறைகளில் கிடைக்கும் ஓர் இனம் 200 கிராமுக்கும், உருவில் பெரிய அலங்காரச் சிங்கி 500 கிராமுக்கும் குறையக் கூடாது. ஆனால் அது ஏற்றுமதிக்கான விதி. கப்பலுக்கோ விமானத்துக்கோ ஆகாத சிறிசு உள்ளூர் அடுப்புக்கு வருவதை அது தடுக்காது. தடுக்க வேண்டியவர்கள் நாம்தான். முட்டைச் சிங்கியும் உள்ளங்கை அளவுச் சிங்கியும் வேண்டாம் என்று நாலு மேசை சொன்னால், ஐந்தாவது முறை ஓட்டல்காரர் அதை வாங்க மாட்டார்.

உயிரோடு கொதிநீரில் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்து 2018-இல் அதைத் தடை செய்தது. நண்டும் சிங்கியும் வலியை உணரும் உயிர்கள் என்று பிரிட்டன் 2022-இல் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது. ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்த பிறகு வெட்டுங்கள் என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொள்ள நமக்குச் சட்டம் தேவையில்லை.

இன்னொரு கேள்வி, கூட உட்கார்ந்திருப்பவர்களிடம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வாய் பட்டாலே உதடு வீங்கி மூச்சு திணறலாம். மேசைக்கு நடுவில் பொதுவாக வைக்கும் முன் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர் இருந்தால் அவருக்கு எதிரே சிங்கியின் தலையைத் திருப்பி வைக்காதீர்கள்.

இனி சாப்பிடும் விதம். வெண்ணெய் பூண்டில் வந்தால் முள்கரண்டியால் வாலின் நுனியிலிருந்து நெம்பினால் கறி முழுசாகப் புரண்டு வரும். மிளகு வறுவலாக வந்தால் மதுரைக்காரன் கைதான் போட வேண்டும், அதில் குறைவு ஒன்றுமில்லை. சிக்கல் இடது கையில் வருகிறது. இலையில் இடது கை படக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஓட்டையோ நண்டுக்காலையோ ஒரு கையால் பிரிக்கவும் முடியாது. நம் மெஸ்களில் கவனித்துப் பாருங்கள். பழகியவர்கள் காலின் ஒரு முனையைக் கடைவாயில் கொடுத்து, மறுமுனையை வலது கையால் இழுப்பார்கள். இடது கை டம்ளருக்கென்று சுத்தமாக இருக்கும். அது வராதவர்கள் இரண்டு கையாலும் பிரிக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இடது கையை எச்சில் ஆக்கிய நிமிடத்திலிருந்து பொதுக் கரண்டியையும் தண்ணீர் ஜக்கையும் தொடக் கூடாது. "தம்பி, கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று பரிமாறுபவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கா மகனிடம் கடைசியாகச் சொன்னது வாழை இலை பற்றி. சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிப்பது நம் வழக்கம். ஆட்டு எலும்பும் மீன் முள்ளும் உள்ளே போனால் பெரிய கெடுதல் இல்லை. சிங்கியின் தலை ஓடு அப்படியல்ல, அதன் முள் இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். இலை எடுக்க வருபவர் வெறுங்கையால்தான் அள்ளுகிறார், அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து இலையை. அதனால் ஓட்டை இலைக்குள் வைத்து மூடாதீர்கள். உட்கார்ந்ததுமே ஒரு தனித் தட்டு கேட்டு வாங்கி, ஓடு முழுவதையும் அதில் போடுங்கள்.