ஷவர்மா: ருசியை மாற்றலாம், முறையை மாற்றலாகாது

புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறப்பவர்களும் பழைய கடையைத் திருத்தி அமைப்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெளிநாட்டுச் சாப்பாடு எதைப் போட்டால் ஓடும்?" என்பதே அது. கொத்தும் புரியாணியும் மாத்திரம் போதாது, வாடிக்கையாளர் புதிதாக ஏதாவது கேட்கிறார் என்பது அவர்களது கவலை. அந்தக் கவலை நியாயமானதே.

பல நாட்டு உணவுகளை ருசித்துப் பார்ப்பதில் எனக்கு நெடுங்காலமாகவே பிரியம் உண்டு. வியாபார விடயமாகப் போகும் ஊர்களில் பெரிய ஹோட்டலை விட்டுவிட்டு கடைத்தெருச் சாப்பாட்டைத் தேடிப் போவது என் வழக்கம். அப்படி நான் ருசித்தவற்றுள் சிறு வியாபாரிகள் கூர்ந்து கவனிக்க வேண்டிய உணவு ஷவர்மாதான். உலகம் முழுவதும் அதைப் பரப்பியவர்கள் பெரிய கம்பனிக்காரர்கள் அல்லர். எம்மைப் போன்ற சிறு முதலுடைய கடைக்காரர்களே பரப்பினார்கள்.

பெயரிலேயே சுழற்சி

இறைச்சியை நிமிர்த்திய கம்பியில் அடுக்கி, நெருப்பின் முன் சுழலவிட்டு, வெந்த மேற்பகுதியை மட்டும் சீவி எடுக்கும் முறை துருக்கியில் தோன்றியது. பூர்ஸா நகரில் இஸ்கந்தர் என்ற குடும்பத்தின் பெயரால் விளங்கும் கடை, 1867 ஐத் தனது தொடக்க ஆண்டாகக் கூறுகிறது. துருக்கியர் இந்த உணவை 'டோனர்' என்றார்கள். சுழல்வது என்று பொருள். சுழற்றுவதைக் குறிக்கும் இன்னொரு துருக்கிச் சொல்லே அரபியரின் நாவில் 'ஷவர்மா' ஆனது. கிரேக்கர் 'யீரோஸ்' என்கிறார்கள். அதற்கும் சுழற்சி என்பதே பொருள். மூன்று மொழியாரும் இறைச்சியின் பெயரையோ மசாலாவின் பெயரையோ வைக்கவில்லை. சமைக்கும் முறையின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஊருக்கு ஊர் மாறிய கதை

1961 இல் மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. அவ்வாறு போனவர்களில் சிலர் பின்னர் கடை வைத்தார்கள். 1972 இல் மேற்கு பேர்லினில் காதிர் நூர்மான் என்பவர் டோனர் இறைச்சியைப் பாணுக்குள் வைத்து விற்றார் என்பார்கள். வேலைக்கு ஓடும் ஜேர்மனியர் தட்டில் வைத்து ஆறுதலாகச் சாப்பிடுவதில்லை, நடந்துகொண்டே சாப்பிடுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். இதே யோசனை தமக்கும் தோன்றியதாக வேறு சிலரும் உரிமை கோருகிறார்கள். எவர் முதலாவதாக இருந்தாலும் அந்தப் பாண்தான் டோனரை ஜேர்மனியின் தெரு உணவாக்கியது.

கனடாவின் ஹலிபக்ஸ் நகரத்தில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 1970 களில் கிரேக்கக் கடைக்காரர் ஒருவர் தமது நாட்டு யீரோஸை விற்கப் பார்த்தார். அவ்வூரார் அதை விரும்பவில்லை. அவர் மாட்டிறைச்சிக்கு மாறினார். டின்பாலும் வினாகிரியும் உள்ளியும் கலந்து இனிப்பான சோஸ் ஒன்றைச் செய்தார். இன்று அது 'டொனேர்' எனப்படுகிறது. 2015 இல் ஹலிபக்ஸ் நகர சபை அதைத் தமது நகரின் உத்தியோகபூர்வ உணவாகவே அறிவித்தது.

மெக்சிக்கோவின் புவெப்லா நகருக்கு இந்தக் கம்பியைக் கொண்டுபோனவர்கள் மத்திய கிழக்கிலிருந்து குடியேறியவர்கள். நாளடைவில் ஆட்டிறைச்சி போய்ப் பன்றியிறைச்சி வந்தது, மிளகாய் வந்தது, அன்னாசித் துண்டும் வந்தது. கிரேக்கத்திலும் யீரோஸ் பெரும்பாலும் பன்றியிறைச்சிதான். வியாபாரத்துக்காக வெளிநாடு போகும் எம்மவர்கள், சுழலும் கம்பியைக் கண்டதும் ஷவர்மா என்று எண்ணிவிடாமல் விசாரித்துச் சாப்பிடுவது நல்லது.

தேராவில் பார்த்தது

நான் ஷவர்மாவை ருசித்து அறிந்தது துபாயின் தேராப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கடையில்தான். மெல்லிய ரொட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காய், 'தூம்' எனப்படும் வெள்ளைநிற உள்ளிச் சட்னி, அதற்குள் சூடான கோழி. மசாலாவில் மணத்தது ஏலமும் கறுவாவும் கராம்பும். எமது நாட்டில் விளையும் சரக்குத்தானே என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ருசியைவிட என்னைக் கவர்ந்தது சீவுபவரின் நிதானம். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர் பொன்னிறமாக வெந்த பகுதியை மட்டும் சீவினார். உள்ளே வெளிறிய இறைச்சி தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். மறுபடி மேற்பகுதி சிவக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தோம். ஒருவரும் கடையை விட்டுப் போகவில்லை.

எமது நாட்டில் ஒரு கடையிலே இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு, நல்ல கூட்டம். சீவியவர் அவசரத்தில் ஆழமாக வெட்டி, உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்த துண்டுகளையும் ரொட்டிக்குள் வைத்துச் சுற்றினார். மயோனைஸ் போத்தல் பின்னேரத்திலிருந்து மேசைமீதே இருந்ததாக அங்கிருந்த பையனே சொன்னான். நான் காசைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

உயிரோடு விளையாடும் விடயம்

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டின் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருவரும் அவ்வாறே இறந்தார். இரண்டு இடங்களிலும் மேலும் பலர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். கேரள அரசு 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் அதற்கு ஒரு வருடத் தடை விதித்தது.

காரணம் எளிது. கம்பியிலுள்ள இறைச்சி முழுவதும் ஒரே நேரத்தில் வேகுவதில்லை. வெளிப்புறம் கருகும்போதும் உட்புறம் பச்சையாகவே இருக்கும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கம்பியின் நடுப்பகுதி மணிக்கணக்கில் இருப்பது இந்தச் சூட்டில்தான். பச்சை முட்டையிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். எமது நாட்டின் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கம்பியைச் சிறிதாக அடுக்குங்கள். பெரிய கம்பி பார்வைக்கு அழகுதான். ஆனால் அன்றே விற்றுத் தீராத இறைச்சியை அடுத்த நாள் மீண்டும் கம்பியில் ஏற்றவே கூடாது. எட்டு மணிக்குத் தீர்ந்துபோனால் போகட்டும். "முடிந்துவிட்டது" என்று சொல்லும் கடைக்கு மறுநாள் ஆள் நேரத்துடன் வருவார்.

இரண்டாவது, சீவிய இறைச்சியைச் சூடான தட்டில் இன்னொரு முறை புரட்டி எடுங்கள். உணவின் சூட்டை அளக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். கோழியின் உட்சூடு 75 பாகை செல்சியசைத் தொடவேண்டும்.

மூன்றாவது, பச்சை முட்டை மயோனைஸை விட்டுவிடுங்கள். அரபியரின் தூம் சட்னிக்கு முட்டையே தேவையில்லை. உள்ளி, எண்ணெய், தேசிக்காய், உப்பு நான்கும் போதும். அதையும் சிறிதளவாகச் செய்து குளிரூட்டியில் வைத்து, கெதியில் முடித்துவிட வேண்டும்.

நான்காவது, பார்சலில் செய்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். 2022 இற்குப் பின்னர் கேரளாவில் இது கடைக்காரருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. நாம் எவரும் கட்டாயப்படுத்தாமலே செய்யலாம். பொது சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அஞ்சவும் தேவையில்லை.

ஐந்தாவது, கணக்கு. 10 கிலோ எலும்பில்லாக் கோழியை அடுக்கினால் வெந்த பிறகு கால் பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ எடை குறையும். ஏழு, ஏழரைக் கிலோதான் கைக்கு வரும். ஒரு ஷவர்மாவுக்கு 100 கிராம் என்றால் எழுபதோ எழுபத்தைந்தோதான் சுற்றலாம். பச்சை இறைச்சியின் எடையை வைத்து விலை போடுபவர் மாத முடிவில் நட்டக் கணக்குத்தான் பார்ப்பார். உங்கள் கடையிலேயே ஒரு வாரம் நிறுத்துப் பார்த்து உங்கள் எடையைக் கண்டுகொள்ளுங்கள். மின்சாரக் கம்பியை மட்டும் நம்புவோர் 2022 இன் மின்வெட்டை மறக்கக்கூடாது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. பாதி வெந்த நிலையில் கம்பி நின்றுவிட்டால் அந்த இறைச்சியை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வேலையாட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

எதை மாற்றலாம்?

பேர்லின்காரர் பாணைச் சேர்த்தார். ஹலிபக்ஸ்காரர் டின்பாலைச் சேர்த்தார். எம்மவர்கள் கோவாவும் மிளகாய்ச் சோஸும் சேர்க்கிறார்கள். அதில் தவறேயில்லை. நாசி கோரெங்கும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்து எமது நாக்குக்கு ஏற்ப மாறிய உணவுதான். கட்டாச் சம்பல் வைத்து ஒரு ஷவர்மா சுற்றிப் பாருங்கள், அதுவே உங்கள் கடையின் பெயரைச் சொல்லலாம். வாடிக்கையாளரின் ருசிக்கு இறங்கிப் போவது வியாபாரத் திறமை.

ஆனால் வெந்ததை மட்டும் சீவுவது என்ற ஒன்றை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. புதிய கடை திறக்க இருக்கும் சகோதரர்கள் கம்பி வாங்குமுன் சீவுவதற்கு நிதானமான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கூட்டம் நிற்கும்போதும் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வதற்கு அவருக்கு முதலாளியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.