காற்று மெலியும் உயரத்தில் ஒரு மருத்துவர்

கனமான இரும்புக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே இளம் விமானிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அறை தரையில்தான் இருக்கிறது. ஆனால் பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்ச, 25,000 அடி உயரத்துக் காற்றழுத்தம் உள்ளே வந்துவிடுகிறது. இப்போது மாஸ்க்கைக் கழற்றச் சொல்வார்கள். கையில் பேப்பரும் பென்சிலும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 93, 86, 79... முதல் வரி முத்து முத்தாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எழுத்து கோணும், கணக்கு தப்பும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். ஆபத்தே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, குறைகிறவருக்குத் தெரியாது. சிலருக்கு உற்சாகம்கூட வரும்.

விமானப்படை மருத்துவரின் வேலை இங்கே தொடங்குகிறது. அவரிடம் வருகிறவர் நோயாளி அல்ல, திடகாத்திரமான ஆள். அந்த ஆளின் உடம்பு எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்தக் குளிரில் கைவிடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். போர் விமானம் சடாரென்று திரும்பும்போது ரத்தம் தலையை விட்டுக் காலுக்கு இறங்கும். முதலில் பார்வை மங்கும், அப்புறம் நினைவே போகும். விமானி ஒருவர் இன்று பறக்கலாமா கூடாதா என்று சொல்லும் கையெழுத்து மருத்துவருடையது.

ஏர் மார்ஷல் பத்மா பந்தோபாத்யாய் இந்தத் துறையில் நிபுணரானவர். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'முதல் பெண்' என்ற பட்டியலோடு நிறுத்திவிடுகிறோம். பட்டியல் நீளமானதுதான், பொய்யும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை, அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது என்பது என் ஆதங்கம்.

1944-ல் திருப்பதியில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய பெயர் பத்மாவதி சுவாமிநாதன். வளர்ந்தது டெல்லியில். நாலைந்து வயதிலேயே அம்மா காசநோயில் படுத்துவிட, பக்கத்திலிருந்து கவனிக்கும் பொறுப்பு அந்தச் சின்னக் கைகளுக்கு வந்தது. மருந்து நேரம், இருமல், வெந்நீர் என்று நோயாளி உள்ள வீட்டின் நாள் எப்படி நகரும் என்பதை, நோயாளியின் கட்டிலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் மார்க்கெட் பகுதியில் எதிர்வீட்டில் இருந்தவர், நாட்டின் முதல் பெண் இதயநோய் நிபுணரான டாக்டர் எஸ்.பத்மாவதி. அதே பெயர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். ஒரு பெண் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் அவர் படித்தது கலைப் பிரிவு. அங்கிருந்து அறிவியலுக்குத் தாவி, கிரோரிமல் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பை முடித்தார். 1963-ல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரி. 1968-ல் விமானப்படைச் சீருடை. அந்தக் காலத்தில் முப்படைகளிலும் பெண் அதிகாரி என்றால் ஒன்று மருத்துவர், இல்லையென்றால் நர்ஸ். மற்ற பிரிவுகளின் கதவு திறக்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கணவர் சதிநாத் பந்தோபாத்யாயும் விமானப்படை அதிகாரி. 1971 போரின்போது இருவரும் பஞ்சாபில், ஹல்வாரா தளத்தில் பணியில் இருந்தார்கள். அந்தச் சேவைக்காக விசிஷ்ட சேவா பதக்கம் இருவருக்கும் ஒரே விழாவில் கிடைத்தது. விமானப்படைத் தம்பதி ஒன்று அப்படிப் பெற்றது அதுவே முதல் முறை.

1978-ல் நம் நீலகிரியில், வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியின் படிப்பை முடித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் முடித்திராத படிப்பு. அங்கே சொல்லித்தருவது வைத்தியம் அல்ல. படையை நகர்த்துவது, திட்டமிடுவது, தலைமை தாங்குவது. பின்னாளில் ஒரு படையின் மருத்துவத் துறை முழுவதையும் கையில் எடுத்தவருக்கு, எம்.பி.பி.எஸ். பட்டத்தைப் போலவே இதுவும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆர்க்டிக் பகுதிக்குப் போய் ஆய்வு செய்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். வெப்ப நாட்டுக்காரருக்குப் பனிப்பிரதேசத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். 1984 முதல் நம் வீரர்கள் சியாச்சினில் நிற்கிறார்கள். அங்கே துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரும் உயரமுமே அதிக உயிர்களைக் குடித்திருக்கின்றன. சமவெளியில் பிறந்த உடம்பு உறைபனிக்கு எப்படிப் பழகும் என்ற கேள்வி, இந்தியாவுக்கு உயிர்க் கேள்வி.

2002-ல் ஏர் வைஸ் மார்ஷல். 2004-ல் ஏர் மார்ஷல், விமானப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநர். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். ராணுவத்தில் புனிதா அரோரா லெப்டினன்ட் ஜெனரல் ஆனதும் அதே ஆண்டுதான். இருவருமே மருத்துவர்கள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

2005-ல் சீருடையைக் கழற்றினார். அவர் பணியாற்றிய அதே விமானப்படையில் 2016-ல் மூன்று இளம்பெண்கள் போர் விமானிகளானார்கள். பத்மாவுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2020-ல், எழுபத்தைந்து வயதில். ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. இவ்வளவு தாமதம் ஆகியிருக்க வேண்டாம்.