நைட் ஷிப்ட் பார்க்கும் டால்பின்

ஸ்பின்னர் டால்பினைப் பார்க்க ஹவாய் வரை போக வேண்டியதில்லை. இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் உள்ள கற்பிட்டி போதும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். காலையில் படகேறினால், நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும் இந்த டால்பின்களைக் காணலாம்.

உருவம் சிறிதுதான்: நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், எடை அதிகம் போனால் 80 கிலோ. நீண்டு மெலிந்த மூக்கு. முதுகு கருஞ்சாம்பல், விலா வெளிர்சாம்பல், வயிறு வெள்ளை.

துள்ளும்போது உடலின் நீளவாக்கில் 7 முறை வரை சுழலும். இந்தச் சுழற்சி தண்ணீருக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உடலைத் திருகியபடி மேலே வருகிறது. வெளியே வந்ததும் நீரின் தடை நீங்க, சுழற்சி வேகமெடுக்கிறது. பிறகு பக்கவாட்டில் தொப்பென்று விழுகிறது. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ரெமோரா மீனை உதறுவதற்கு இந்த அடி உதவும். விழும் சத்தமும் நுரையும் தூரத்துக் கூட்டாளிகளுக்குத் தான் இருக்கும் இடத்தைக் காட்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களைப் போல, இதற்கும் வேலை இரவில்தான். ஆழ்கடலின் சிறு மீன்களும் கணவாயும் இறாலும் இருட்டியதும் மேலேறி வரும். அவற்றை 200, 300 மீட்டர் ஆழம் வரை முங்கி வேட்டையாடும். பகலில் ஓய்வு. ஹவாயின் கியலகெகுவா விரிகுடாவில் இவற்றை ஆராய்ந்த கென்னத் நாரிஸ் ஒரு விந்தையைக் கண்டார். ஓய்வு நேரத்தில் கூட்டம் நெருங்கிச் சேர்ந்து, சத்தமின்றி மெல்ல நீந்தும். துள்ளல் அனேகமாக நின்றுவிடும். மாலையில் உடனே கிளம்பிவிடாது. கரைக்கும் கடலுக்குமாக முன்னும் பின்னும் அலையும். கூட்டம் முழுதும் விழித்துத் தயாரான பிறகே ஆழ்கடலுக்குப் போகும்.

பகலில் படகுகள் விரட்டினால் இந்த ஓய்வு கெடும். அதனால்தான் ஹவாயில் இவற்றை 50 கஜத்துக்குள் நெருங்க 2021-இல் தடை விதித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் செவுள் வலைகளில் சிக்கி இறப்பவையும் உண்டு. ஒரு தாய் ஈனுவது ஏறக்குறைய 3 ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதால், இழப்பு எளிதில் ஈடாகாது.

கற்பிட்டிக்குப் போனால், கூட்டத்தின் குறுக்கே ஓட்ட வேண்டாம் என்று படகோட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போங்கள். படகின் முன்னால் நீந்துவது அவற்றுக்குப் பிடித்த விளையாட்டு. விருப்பமிருந்தால் தாமாகவே வரும்.