ஒரே கருப்பட்டி, பத்துக் கைகள்

ஊர்ப் பொங்கல் விழாவில் கோலப்போட்டி, உறியடிக்கு அடுத்தபடியாகச் சமையல் போட்டிக்கும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அவரவர் கைதேர்ந்த பண்டத்தைச் செய்து கொண்டுவருவார்கள். ஒரு மேசையில் பிரியாணி, பக்கத்தில் அல்வா, அதற்கடுத்து வாழைப்பூ வடை. மூன்றில் எது சிறந்தது என்று நடுவர் எதை வைத்துச் சொல்வார்? தன் நாக்குக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

இதே போட்டியில் ஒரே ஒரு விதியைக் கூட்டினால் கதை மாறிவிடும். எல்லோரும் ஒரே மூலப்பொருளை வைத்துத்தான் சமைக்க வேண்டும். பொருள் ஒன்று, அளவு ஒன்று, நேரம் ஒன்று. மாறுவது சமைப்பவரின் கை மட்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்: மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். அப்போதுதான் விளைவுக்குக் காரணம் எது என்று தெரியும்.

ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி 1993இல் தொடங்கிய ‘அயர்ன் செஃப்’ நிகழ்ச்சி இந்த விதியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அன்றைய மூலப்பொருள் எது என்பதை அரங்கில்தான் அறிவிப்பார்கள். சமையல் வல்லுநர்கள் அதைக் கொண்டே பல பண்டங்களை ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டும். நம் பக்கத்தில், 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சிறுதானியத்தை மட்டும் வைத்துச் சமையல் போட்டிகள் நடந்தன. கம்பு கஞ்சிக்கும் கூழுக்கும்தான் என்று நினைத்திருந்தவர்கள், அதில் இத்தனை பண்டங்களா என்று வியந்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலில் இப்படி ஒரு வீட்டுச் சமையல் போட்டி வைப்பதென்றால் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனாலும் சமைப்பவரின் பக்குவத்தை ஒளிவுமறைவில்லாமல் காட்டிக்கொடுக்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலை ஒட்டிய உடன்குடியின் பனங்கருப்பட்டியைத்தான் சொல்வேன். அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பட்டி பார்க்கச் சாதாரண இனிப்புக் கட்டி. அடுப்பில் ஏறியதும் ஒவ்வொரு சூட்டிலும் ஒவ்வொரு குணம் காட்டும். அதன் போக்கு தெரிந்தவருக்கு வளைந்து கொடுக்கும், தெரியாதவரைக் கவிழ்த்துவிடும்.

கலயத்தில் நடப்பது

அந்தக் குணம் பனை உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. பனையேறி பாளையின் நுனியைச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டுகிறார். ஆண்பனை, பெண்பனை இரண்டும் பதநீர் தரும். பாளை நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க நாள்தோறும் ஏறிச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்புதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் விழும் சாறு சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகத் தொடங்கும். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட்டுகள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகின்றன. அதற்கு முன்னால் அவை செய்யும் இன்னொரு வேலை, பதநீரில் உள்ள சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைப்பது. இப்படி உடைந்த சர்க்கரை எளிதில் படிகமாகாது. அதனால் புளிக்கத் தொடங்கிய பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காமல் இளகியே கிடக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை அடக்கி, சுக்ரோஸை உடையாமல் காக்கிறது. கருப்பட்டி கெட்டியாவதற்கு அடித்தளம் அங்கேதான் விழுகிறது.

இறக்கிய பதநீரை விடிலி என்னும் ஓலைக்குடிசையில், அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். பதநீரில் சர்க்கரை சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். பொங்கி வழியும்போது நுரையை அடக்க, நசுக்கிய ஆமணக்கு விதையைப் போடுவது வழக்கம்; அதன் எண்ணெய் நுரைக்குமிழ்களை உடைத்துவிடும். பதம் வந்த பாகைச் சிரட்டையில் ஊற்றினால் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடுகிறது.

கறுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? சர்க்கரை கருகியதால் என்று சொல்லத் தோன்றும். சுக்ரோஸ் கருகத் தொடங்க 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். கருப்பட்டி 120 டிகிரியை ஒட்டியே இறக்கப்படுகிறது. பதநீரில் உள்ள புரதத் துணுக்குகளான அமினோ அமிலங்களும் சிறிதளவு குளுக்கோஸும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மெயார் 1912இல் விவரித்த வினை இது. காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். சுண்ணாம்பு கருப்பட்டிக்குக் கெட்டித்தன்மையோடு நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொடுக்கிறது.

கருப்பட்டி வைக்கும் நான்கு சோதனைகள்

போட்டியில் கலந்துகொள்கிறவர் எந்தப் பண்டத்தைத் தேர்ந்தாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தே ஆக வேண்டும்.

முதலாவது பாகுப் பதம். தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பாகின் கொதிநிலை ஏறும். அதனால் சூட்டை வைத்தே பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடலாம். கம்பிப் பதம் ஏறத்தாழ 106 முதல் 112 டிகிரி. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் மெத்தென்று திரளும் பதம் 112 முதல் 116 டிகிரி. அதிரசத்துக்கு வேண்டியது இது. இடையில் இருப்பது நாலைந்து டிகிரிதான். அடுப்பில் அது சில நிமிடம். பாட்டிமார் தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததும் இந்த வெப்பமானிக் கணக்கைத்தான். சரக்கு மாறினால் பதமும் சற்று முன்பின்னாகும் என்பதால், இரண்டு கருப்பட்டிக்கு ஒரே டிகிரி பொருந்திவிடும் என்று நம்பக்கூடாது.

இரண்டாவது பருப்பு. பாசிப்பருப்புப் பாயசத்தில் பருப்பு முழுக்க வேகும் முன் கருப்பட்டி சேர்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் பருப்பு நறுக்கென்றே நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். கருப்பட்டியில் உள்ள கால்சியம் அந்த ஒட்டை இறுக்கிவிடுகிறது. சர்க்கரையும் அதற்குத் துணைபோகிறது. சுண்ணாம்புக் கலயத்திலிருந்து வந்த பொருள் இப்படி நடந்துகொள்வதில் ஆச்சரியமில்லை. முதலில் வேகவிடு, பிறகு இனிப்பாக்கு என்ற வீட்டு விதிக்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது மாவு. ஓலைக்கொழுக்கட்டையிலும் உளுந்தங்களியிலும் மாவு வேகத் தண்ணீர் வேண்டும். சர்க்கரையும் அதே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இனிப்பு கூடக் கூட மாவு வேகும் சூடும் நேரமும் கூடும். கார்த்திகைக்குக் குருத்தோலையில் பொதிந்து அவிக்கும் கொழுக்கட்டை, வெளியே மணத்தாலும் உள்ளே மாவு வாடை அடித்தால், இனிப்பைக் கூட்டியவர் ஆவியில் வைத்த நேரத்தைக் கூட்டவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

நான்காவது பால். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம். கருப்பட்டியில் உள்ள உப்புகளும் லேசான புளிப்பும் பால் புரதத்தைத் திரட்டிவிடும். தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காபியைப் பால் கலக்காமல் குடிப்பவர்களே அதிகம். பால் வேண்டுமென்றால் இறக்கி ஆறிய பிறகு கலப்பார்கள். தேங்காய்ப் பாலில் இந்தத் தொல்லை குறைவு. இலங்கையில் கித்துல் பனையின் கருப்பட்டியோடு தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து வட்டிலாப்பம் செய்கிறார்கள். இங்கே காயல்பட்டினத்து வீடுகளிலும் வட்டிலாப்பம் இல்லாமல் விருந்து நிறைவதில்லை.

இனிப்புப் பண்டம் மட்டும் என்று போட்டியைச் சுருக்க வேண்டாம். புளிக்குழம்பில் இறக்கும் முன் போடும் ஒரு சிட்டிகைக் கருப்பட்டி புளிப்பின் கூர்மையை மழுக்கிவிடும். பாகற்காயின் கசப்பையும் அப்படியே. ஒரு சுவை இன்னொன்றை அமுக்குவது நாக்கின் இயல்பு. இனிப்பு தெரியாமல் இனிப்பைப் பயன்படுத்திக் காட்டுபவருக்குத் தனிப் பரிசே கொடுக்கலாம்.

நடத்தும் முறை

காலம் பார்ப்பது முதல் வேலை. பதநீர்ப் பருவம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தொடங்கி ஜூன் மாதத்தோடு ஓயும். ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் கூட்டம் கூடும் நாட்களில் புதுக் கருப்பட்டி கடைக்கு வந்திருக்கும். காற்றும் உலர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். ஆகவே இந்தப் போட்டிக்கு ஆடிதான் தோது.

சரக்கை நடத்துபவரே மொத்தமாக வாங்க வேண்டும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அவரவர் வாங்கி வந்தால் போட்டி கருப்பட்டிக்கும் சீனிக்கும் நடக்கும். ஒரே கடையில் வாங்கினாலும் ஒரு சிரட்டைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றையும் உடைத்துக் கலந்து, ஆளுக்குக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கரைத்து வடிகட்டும் வேலை போட்டியாளருடையது. அடியில் தங்கும் மண்ணையும் சுண்ணாம்புக் கசடையும் விட்டுவிட்டவரின் பண்டம் பல்லில் நறநறக்கும்.

தட்டுகளில் பெயருக்குப் பதில் எண் எழுத வேண்டும். யார் சமைத்தது என்று தெரிந்தால், நடுவரின் நாக்குக்கு முன் மனசு முந்திக்கொள்ளும். மூன்று நடுவர்கள் போதும். பேசிக்கொள்ளும் முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உரத்த குரலுக்கே பரிசு போகும். பத்துத் தட்டு இனிப்பு தின்றால் நாக்கு மரத்துவிடும் என்பதால் ஒரு வாய் அளவே பரிமாறி, இடையில் வெறும் பொரியும் தண்ணீரும் கொடுக்கலாம். மூவருக்கும் வெவ்வேறு வரிசையில் தட்டுகள் போனால் முதலில் வந்ததற்கும் கடைசியில் வந்ததற்கும் ஓரவஞ்சனை நேராது. சூடாக உண்ணும்போது இனிப்பு கூடுதலாகத் தெரியும். களியைச் சூடாகவும் அதிரசத்தை ஆறியும் வைத்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பத்து மதிப்பெண்ணைப் பிரிப்பது எப்படி? சுவைக்கு நான்கு, பக்குவத்துக்கு மூன்று, கருப்பட்டியின் குணம் அந்தப் பண்டத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு மூன்று. கடைசி அளவுகோலுக்கு ஒரு கேள்வி போதும். கருப்பட்டியை எடுத்துவிட்டுச் சீனி போட்டால் இந்தப் பண்டம் கெடுமா? கெடாது என்றால் மூன்றும் போச்சு. ஏலமும் நெய்யும் முந்திரியும் அள்ளிக் கொட்டி மூலப்பொருளை மூடிவிட்டவர், சுவையில் முந்தினாலும் இங்கே பின்தங்குவார். எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுத்ததன் நியாயம் இந்த மூன்று மதிப்பெண்ணில் இருக்கிறது.

முடிவை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பக்குவத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் விதியாகட்டும்: எந்த நேரத்தில் கருப்பட்டியைச் சேர்த்தார், எந்தப் பதத்தில் இறக்கினார், எங்கே சறுக்கியது. பருப்பு ஏன் நறுக்கென்று நின்றது என்பதற்கு விடை, அதைக் குழைய வேகவைத்த அடுத்த மேசைக்காரரிடம் இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு வேறு பொருள் தேடும்போது மூன்று கேள்விகளால் சலித்துப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா? அவித்தல், வறுத்தல், பொரித்தல், காய்ச்சுதல் என்று நாலு வழிக்கும் இணங்குகிறதா? அசந்தால் காலை வாரிவிடும் குணம் ஏதேனும் அதற்கு உண்டா? ஆத்தூர் வெற்றிலை முதல் கேள்வியில் தேறும். அதன் மணம் சூட்டில் பறந்துவிடும் எண்ணெய்களில் இருப்பதால் இரண்டாவதில் திணறும். காய், பழம், பூ, தண்டு என்று நாலு முகம் காட்டி, நறுக்கிய வேகத்தில் கறுத்தும் போகும் ஏரல் பக்கத்து வாழை மூன்றிலும் தேறிவிடும்.