4கே என்றாலும் மங்குவது ஏன்?

360 பாகைக் காணொலிகளை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் இப்போது பெருகி வருகிறோம். பவளப்பாறைகளின் நடுவே நின்று நாற்புறமும் பார்க்கும் அனுபவத்தைப் பாடநூல் படம் தராது. ஆனால் ‘4கே’ என்று போட்டிருந்தும் காட்சி ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு.

விடை எளிய வகுத்தல் கணக்குதான். 4கே காணொலியின் அகலம் 3840 பிக்சல். அது 360 பாகைக்கும் பரவியிருக்கிறது. நம் கண்முன் ஒரு நேரத்தில் தெரிவதோ ஏறத்தாழ 90 பாகை. அதாவது கால் பங்கு, 960 பிக்சல். முதுகுக்குப் பின்னால் இருக்கும் காட்சிக்கும் சேர்த்துத்தான் டேட்டா செலவாகிறது. இதைக் குறைக்க, படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பார்க்கும் பக்கத்தை மட்டும் தெளிவாக அனுப்பும் முறையும் உண்டு. அதில் தலையைச் சட்டென்று திருப்பினால் சிறிது நேரம் மங்கும்.

தரத்தை எப்படி அளப்பது? மூலப்படத்தோடு வந்துசேர்ந்த படத்தைக் கணினி புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடலாம். ஆனால் கோளக் காட்சியை உலக வரைபடம்போலத் தட்டையாக விரித்தே பெரும்பாலும் சேமிக்கிறார்கள். வரைபடத்தின் அடியில் அண்டார்டிகா நீண்ட பட்டையாக இழுபட்டிருக்குமே, அப்படி இங்கே கூரையும் தரையும் இழுபட்டுக் கூடுதல் இடம் பிடிக்கின்றன. யாரும் பார்க்காத கூரைக்கும் கணினி மதிப்பெண் போட்டுவிடும்!

அதனால் பார்த்தவர்களிடமே கேட்கிறார்கள். இதற்கான வழிமுறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020-இல் பி.919 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. பார்வையாளரின் கண்பார்வையைச் சோதித்து, சிறு காணொலித் துண்டுகளைக் காட்டி, 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டுச் சராசரி எடுப்பார்கள். தலைச்சுற்றல், குமட்டல் இருந்ததா என்பதைத் தனியே கேட்பார்கள்.

இந்தத் தனிக்கேள்விதான் நமக்கு முக்கியம். என் எட்டாம் வகுப்பில் அட்டையில் செய்த காட்சிப்பெட்டி வழியாகக் காட்டிவிட்டு இரண்டையும் கேட்டேன். ஒரு மாணவி தரத்துக்கு 5 போட்டாள். அடுத்த கேள்விக்கு, “படம் சூப்பர் சார், ஆனா வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றாள். தரத்தின் சராசரியை மட்டும் பார்த்தால் அவளுடைய சிரமம் தெரியவே தெரியாது.

கேமரா ஓடிக்கொண்டே இருக்கும் காணொலிகளைத் தவிர்த்து, ஓரிடத்தில் நிறுத்தி எடுத்தவற்றையே இப்போது தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் காட்டுவதில்லை. அதுவும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அதே காட்சியை ஆய்வகக் கணினியில் மவுஸால் சுழற்றிப் பார்க்கிறார்கள்.