உஷார்! கொசு மீனைக் கப்பித் தொட்டியில் விடாதீங்க

கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கம் புதிதாகக் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் இதைக் கேளுங்கள். டெங்கு சீசனில் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சின்ன மீன் விடுவார்களே, அதைப் பிள்ளைகள் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்தால் உங்கள் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். அது கொசு மீன் எனப்படும் கம்பூசியாவாக இருந்தால் ஆண் கப்பியின் விசிறி வாலைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். கப்பி போடும் குட்டிகளும் மிஞ்சாது.

இரண்டும் குட்டி போடும் மீன்தான், ஒரே குடும்பம்தான். அதனால் ஒத்துப்போகும் என்று நினைப்பதில்தான் வினை இருக்கிறது. கம்பூசியா வட அமெரிக்க மீன். மலேரியாக் கொசுவை ஒழிக்க 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. சாம்பல் நிறத்தில் இருக்கும் பெண் கப்பியையும் இதையும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. வாலையும் முதுகுத் துடுப்பையும் உற்றுப் பாருங்கள்: வரிசையாகக் கருப்புப் புள்ளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குக் கீழே மை இழுகினது போல ஒரு கோடும் பலவற்றில் இருக்கும்.

கடையிலும் கவனம் வேண்டும். "எல்லாம் கலர் மீன்தான், சேர்த்தே விடலாம்" என்று அண்ணாச்சி சொன்னால் தலையாட்டாதீர்கள். கப்பியும் பிளாட்டியும் சேர்ந்து இருக்கும். வாள்வாலும் பிளாட்டியும் சண்டை போடாது, ஆனால் ஒன்றோடொன்று கலந்து குட்டி போடும். அசல் ரகம் வேண்டுமென்றால் பிரித்து வையுங்கள். மோலி பெரிதாக வளரும். பாய்மர மோலிக்கு இரண்டடித் தொட்டி நெருக்கடி. டைகர் பார்ப், ஏஞ்சல், ஃபைட்டர் மூன்றையும் கப்பி பக்கமே விடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல சேதி. உங்கள் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கிறதா? கப்பி, பிளாட்டி, வாள்வால், மோலி நாலுக்கும் அந்தக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். மென்தண்ணீர் கேட்கும் நியான் டெட்ராவை இவற்றோடு சேர்ப்பதுதான் தப்பு. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் இருபது மீனைக் கொட்டினால் அவற்றின் கழிவில் வரும் அம்மோனியாவே அவற்றைக் கொன்றுவிடும். 2 x 1 x 1 அடித் தொட்டியில் பிடிப்பதே சுமார் 56 லிட்டர்தான். நாலைந்து மீனோடு ஆரம்பியுங்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பெண் கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தாலே விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து அடுத்தடுத்து ஈனும். ஆறு மாதத்தில் தொட்டி நிரம்பி வழியும். அப்போது பலருக்கும் வரும் யோசனை, "பெரிய குளத்தில் விட்டுவிடுவோம், பாவம் பிழைத்துப் போகட்டும்" என்பது. தயவுசெய்து வேண்டாம்! ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் மறுகால் பாய்ந்தால் மீனும் கூடவே போகும். அடுத்த குளம், ஓடை, சிற்றாறு. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு கெண்டை இனம் அந்த ஆற்றுப் படுகையில் இருக்கிறது. 1954இல் சைலஸ் என்ற அறிஞர் பெயரிட்டது. அது வாழும் தண்ணீருக்குள் கண்ட மீனையும் கொண்டுபோய் விடலாமா? கம்பூசியா என்றால் கேட்கவே வேண்டாம், மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

மிஞ்சிய குட்டிகளைக் கடைக்காரரிடமே கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுங்கள். குட்டித் தொல்லையே வேண்டாம் என்றால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள், அழகும் அவற்றுக்குத்தான். வயிற்றுக்கு அடியில் பின்பக்கம் இருக்கும் துடுப்பு குச்சி போல நீண்டிருந்தால் ஆண், விசிறி போல விரிந்திருந்தால் பெண். கவரில் கட்டும் முன்பே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு பெண் கலந்து வந்தாலும் அது ஏற்கெனவே சினையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.